முடியன், மொட்டையன், ஒரு தாழ்ப்பாள்

அந்த அறைக் கதவுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வருகிறவரை வாயெல்லாம் பல்லாக வரவேற்கும். வெளியே போகிறேன் என்றால் மட்டும் அதற்குக் காது கேட்காது. நாலு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை தாழ்ப்பாளின் நாக்கு உள்ளுக்குள்ளேயே மடங்கிக்கொண்டது. அன்றிலிருந்து கதவைச் சாத்தினால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே இருப்பவர் வாசல் காவலாளிக்குப் போன் செய்ய வேண்டும். காவலாளி கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு (அது என்ன வேலை என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை), சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு மாடியேறி வந்து, "உள்ள யாரு?" என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் திறப்பார்.

கதவைத் திறந்தே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். கேட்கக் கூடாது. அது உலர்ந்த பாசிகளைப் பாதுகாக்கும் அறை. சுவர் நெடுக இரும்பு அலமாரிகள். அலமாரிகளில் பதினோராயிரம் காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் எங்கோ ஒரு பாறையிலிருந்தோ மரத்திலிருந்தோ சுரண்டி எடுத்த பாசி, ஒரு சிட்டிகை. ஈரக்காற்று பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே ஏசி ஓய்வில்லாமல் ஓடும், கதவு சாத்தியே இருக்கும். தாழ்ப்பாளைப் பற்றி எழுதிக் கொடுத்த புகாரும் ஏதோ ஒரு அலமாரியில் பூஞ்சை பிடிக்காமல் பத்திரமாகத்தான் இருந்தது.

இந்த அறையில் ஏழு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவனை எல்லோரும் பாசி என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. "தம்பி என்ன பண்றான்?" என்று உறவுக்காரர்கள் கேட்டால் அவனுடைய அக்கா "பாசி" என்பாள். "பாசிமணியா? நல்ல வியாபாரமாச்சே" என்பார்கள். "அதில்ல, செவத்துல வழுக்குமே, அது" என்பாள். அதற்குமேல் பெண் கொடுப்பதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

அவனுடைய ஆராய்ச்சி இரண்டு பாசிகளை ஒப்பிடுவது. இரண்டுக்கும் வாயில் நுழையாத விஞ்ஞானப் பெயர்கள் இருந்தன. அவன் வசதிக்கு ஒன்றை மொட்டையன் என்றும் மற்றதை முடியன் என்றும் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு சிட்டிகையாகப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு இருவரும் இரட்டைப் பிள்ளைகள். கைலென்ஸை வைத்துப் பார்த்தால் முடியனின் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு வெள்ளை முடி நீட்டிக்கொண்டிருக்கும். மொட்டையனுக்கு அது கிடையாது. காய்ந்துபோனால் மொட்டையன் இலைகளை முறுக்கிச் சுருட்டிக்கொண்டு முகத்தைக் காட்டுவான். முடியன் இலைகளைத் தண்டோடு ஒட்டிக்கொண்டு, அதிகாரியைப் பார்த்த குமாஸ்தா மாதிரி கைகட்டி நிற்பான்.

உருவத்தில் வித்தியாசம் அவ்வளவுதான். அந்தஸ்தில் மலைக்கும் மடுவுக்கும். மொட்டையன் இல்லாத இடமில்லை. குளியலறை மூலை, சாக்கடை ஓரம், துறைத் தலைவரின் கார் நிறுத்துமிடம், எங்கு பார்த்தாலும் அவன்தான். எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியலில் அவனுக்குக் 'கவலை வேண்டாதது' என்று இடம். முடியனோ உலகத்திலேயே ஒரே ஓடையில் ஒரே பாறையில் இருந்தான். பதினெட்டு வருடத்துக்கு முன், அவனுடைய நெறியாளரான மேடம் மாணவியாக இருந்தபோது, அங்கிருந்து ஒரு பொட்டலம் எடுத்துவந்தார். ஆறு வருடம் கழித்து அந்தப் பாறையை வெடிவைத்து உடைத்து ரோடு போட்டார்கள். நல்ல ரோடு. முடியனைத் தேடிப் பாசி அந்த ரோட்டில் பதினாலு தடவை போய்வந்திருந்தான், ஒரு குலுக்கல் கிடையாது.

ஆகவே ஆய்வேட்டின் கடைசி வரி: 'முடியன் அற்றுப்போய்விட்டது.'

அதில் ஓர் அட்டவணை உண்டு. இடதுபக்கம் மொட்டையன், வலதுபக்கம் முடியன், நடுவில் இருபத்திரண்டு வரிசை. இருபத்தொன்றை நிரப்பிவிட்டான். ஒரு கட்டம் மட்டும் ஏழு வருடமாகக் காலி. பாசிக்குப் பூவும் காயும் கிடையாது. பருவம் வந்தால் தண்டு நுனியில் நூல் மாதிரி ஒரு காம்பு எழும்பி, அதன் தலையில் சின்னக் குடுவை போல ஒரு வித்துப்பை உட்காரும். மொட்டையனின் வித்துப்பை நேராக நிமிர்ந்து நிற்கும். முடியனின் வித்துப்பையை யாரும் கண்டதில்லை. மேடம் எடுத்துவந்த பொட்டலத்தில் ஒன்றுகூட இல்லை. 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தான். அந்தக் கட்டம் அவனுக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார். மற்ற எல்லாம் சாப்பிட்டு முடித்தாயிற்று, நாக்கு மட்டும் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

மேடம் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குரல் உயர்த்தமாட்டார், தாளை முகத்தில் எறியமாட்டார். ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்து, மூடி வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு விஷயம்" என்பார். மேடத்தின் ஒரு விஷயம் என்பது ஒரு வருடம். முதல் ஒரே ஒரு விஷயம், மழைக்காலத்தில் ஓடையை மறுபடி பார்ப்பது. இரண்டாவது, அதே ஓடையைக் கோடையில் பார்ப்பது. மூன்றாவது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்ப்பது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதையும் பார்த்தான்.

இந்தத் தடவை தப்பிக்க வழி கிடைத்திருந்தது. வேறொரு ஊரில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டான் என்கிற சான்றிதழ் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போனபோது பார்த்தான்: நீளமான ஹால், கதவே கிடையாது. அந்த வேலையில் அவனுக்குப் பிடித்ததே அதுதான். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று மேடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை துறையைப் பார்வையிட ஒரு குழு வருகிறது, அந்தக் கையோடு இதையும் முடித்துவிடலாம் என்று.

புதன்கிழமை மாலை நாலு மணி.

நாலு மணி என்பது தட்டைக் கொட்டும் நேரம். காய்ந்த பாசியை அப்படியே நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் பாசியைக் கிள்ளிப் போட்டால், இரண்டு நிமிடத்தில் சோம்பல் முறித்துக்கொண்டு பச்சையாக விரியும். பார்த்து முடித்த பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கொட்டும் தொட்டி நடைபாதைக் கோடியில் இருந்தது. அதற்குக் கதவைத் திறக்க வேண்டும், அதற்குக் காவலாளிக்குப் போன் செய்ய வேண்டும், "ஒரு தட்டுத் தண்ணிக்காடா என்னை மாடியேத்துற?" என்று ஏச்சு வாங்க வேண்டும். ஆகவே நாலு வருடமாகத் தினமும் நாலு மணிக்குப் பாசி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தட்டைச் சாய்த்துக் கொட்டிவிடுவான். கீழே சந்து. யாரும் போகாத சந்து.

அன்று தட்டு கைநழுவிக் கீழே போய்விட்டது. இருந்த தட்டு அது ஒன்றுதான். போன் செய்து, "உள்ள யாரு?"வுக்கு "நான்தான்" என்று பதில் சொல்லி, கீழே இறங்கிச் சந்துக்குள் போனான்.

கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடம். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. சுவர் பச்சை. தரை பச்சை. எல்லாம் மொட்டையன், பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. தட்டைக் குனிந்து எடுத்தான். நிமிரும்போது கண்ணுக்கு நேரே, சரியாக அவனுடைய ஜன்னலுக்குக் கீழே, பச்சையில் ஒரு முறம் அளவுக்கு நரை விழுந்திருந்தது.

கைலென்ஸ் எப்போதும் கழுத்தில் தொங்கும். வைத்துப் பார்த்தான். இலை நுனியில் முடி. பக்கத்து இலையிலும் முடி. அதற்குப் பக்கத்திலும்.

தேடிய மூலிகை காலில் சிக்கினால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். பாசி யாராவது பார்த்துவிட்டார்களா என்று சந்தின் இரண்டு கோடியையும் திரும்பிப் பார்த்தான். முதலில் மனசில் ஓடியது கண்டுபிடிப்பு இல்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுதான்.

அக்காவுக்குப் போன் போட்டான். ஏழு வருடமாக அவள் வீட்டு ஹாலில், சோபாவில்தான் அவன் படுக்கை.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்."

"பொண்ணையா?"

"முடியன."

அக்காவும் ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள், பாதி விஞ்ஞானி.

"அது செத்துப்போச்சுன்னுதானே எழுதி வச்சிருக்க?"

"ஆமா."

"யாருகிட்டல்லாம் சொன்ன?"

"உன்கிட்டதான்."

"அதோட நிறுத்திக்கோ. வெள்ளிக்கிழம வரைக்கும் வாயில பசைய ஒட்டிக்கோ. மாமாவே சோபாவத் தொடச்சு வச்சுட்டாரு, தெரியும்ல?"

பசை ஒட்டிக்கொள்வதில் ஒரு வசதியும் இருந்தது. குழு வருவதால் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை சந்துப் பக்கம் என்று காவலாளி சொன்னார். கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிவிட்டுத்தான் அடிப்பார்கள். அவன் எதுவுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்; ஆய்வேட்டின் கடைசி வரி வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் தானாக உண்மையாகிவிடும். ஓர் இனம் அழிந்துபோனதை உலகத்திலேயே முன்கூட்டி, பக்க எண்ணோடு எழுதி வைத்த ஒரே ஆள் என்கிற பெருமையும் அவனுக்கே.

வியாழக்கிழமை காலை சும்மா வேடிக்கை பார்க்கத்தான் சந்துக்குப் போனேன் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். பெயின்டர் சந்தின் அந்தக் கோடியிலிருந்து தொடங்கியிருந்தார். தலையில் துண்டு, கையில் பிரஷ். வறட் வறட்டென்று ஒவ்வொரு இழுப்புக்கும் மொட்டையன்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். விழட்டும், கவலை வேண்டாத கூட்டம்.

"தம்பி, நகருங்க. மேல தெறிக்கும்."

"பரவால்லண்ணே."

"பரவால்லன்னா சட்டைய யாரு தொவைக்கிறது, நானா?"

நகர்ந்தான். நகர்ந்த இடம் ஜன்னலுக்கு நேர் கீழே. கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வோமே என்று லென்ஸை வைத்தான். மரியாதைக்குத்தான். சாவு வீட்டில் முகம் பார்ப்பது மாதிரி.

முடிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு நூல் எழும்பியிருந்தது. விரல் நகத்தின் உயரம்கூட இல்லை. அதன் தலையில், கழுத்தை வளைத்து, யாரோ திட்டியதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தலையைத் தொங்கப்போட்டபடி ஒரு குடுவை.

காலிக் கட்டம்.

"அண்ணே, நிறுத்துங்க!"

குரல் யாருடையது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. பெயின்டர் பிரஷ்ஷை அந்தரத்தில் வைத்தபடி பார்த்தார்.

"என்ன தம்பி, பாம்பா?"

"பாசி."

"அதான் தெரியுதே. அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"இது வேற பாசிண்ணே."

"பாசில வேற பாசியா? வழுக்குமா, வழுக்காதா?"

"வழுக்கும்."

"அப்ப அதே பாசிதான். தள்ளுங்க."

பாசி தள்ளவில்லை. சுவரில் முதுகு படாமல், அதற்கு ஒரு விரற்கடை முன்னால், கைகளை விரித்து நின்றுகொண்டான். ஏசித் தண்ணீர் பிடரியில் சொட்டியது. பெயின்டர் பிரஷ்ஷை வாளி மேல் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் இருபது வருஷமா பாசி சொரண்டுறேன். கரப்பான்பூச்சிக்கு அழுத பொம்பளையப் பாத்திருக்கேன், ஒட்டடைய எடுக்கக் கூடாதுன்னு ஒரு வக்கீல் சண்டைக்கு வந்தாரு. பாசிக்குக் குறுக்க நின்னது நீங்க ஒருத்தர்தான்."

"இது ஒலகத்துலயே இங்க மட்டும்தாண்ணே இருக்கு."

"அப்ப இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கல?"

பெயின்டர் துண்டை உதறித் தலையில் மறுபடி கட்டிக்கொண்டார். "எனக்கென்ன, ஒரு முறம் மிச்சம். மேடம் கேட்டா நீங்களே சொல்லிக்குங்க."

மேடத்திடம் சொன்னான். மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்துக்குள் ஒருக்களித்து வந்தார். லென்ஸை வாங்கிப் பார்த்தார். கால் மணி நேரம் பார்த்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. ஏழு வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"மறுகண்டுபிடிப்பு!" என்றார் மேடம். "பதினெட்டு வருஷம் கழிச்சு! நாளைக்குக் குழுவுக்கு முன்னால காட்டுறோம்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆய்வேடு ரொம்ப நல்லா வந்திருக்குப்பா. ஒரே ஒரு விஷயம்…"

"மேடம்," என்று இடையில் பாய்ந்தான். ஒருவேளை மாட்டிக்கொண்டால் என்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்து வைத்திருந்த தப்பிக்கும் வழி அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "இது தானா வந்தது இல்ல."

"பின்ன?"

"நான் ஊத்தினது."

சொன்னான். தட்டு, நாலு மணி, ஜன்னல். தண்ணீரோடு போன இலைத் துணுக்குகள். பாசி வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் ஒரு துணுக்கிலிருந்தே முழுசாக முளைக்கக்கூடியது, அதை மேடத்துக்கு அவன் சொல்லத் தேவையில்லை. பொட்டலத்திலிருந்து ஊசி நுனியால் ஒரே ஒரு இலைதான் எடுக்க வேண்டும் என்று அறையில் எழுதி ஒட்டியிருந்தது. அவன் கிள்ளிக் கிள்ளி எடுத்திருக்கிறான். அதையும் சொன்னான். திட்டு வாங்குவது அவன் திட்டத்தில் ஒரு பகுதி.

"ஆக, மேடம், இது இயற்கையா இருக்கிற கூட்டம் இல்ல. வளர்ப்பு. காட்டுல முடியன் கிடையாதுங்கிற என் முடிவு அப்படியே நிக்குது. 'அற்றுப்போய்விட்டது'ங்கிறத 'இயற்கையில் அற்றுப்போய்விட்டது, வளர்ப்பில் மட்டும் உண்டு'ன்னு மாத்தினா போதும். பட்டியல்ல அப்படி ஒரு வகுப்பே இருக்கு. கட்டத்தையும் நிரப்பிடலாம். நாளைக்கு நீங்க கையெழுத்து…"

மேடம் திட்டவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"தொட்டி இருக்கும்போது ஏன் ஜன்னல் வழியா ஊத்தின?"

"கதவு தொறக்காது மேடம். தாழ்ப்பாள்."

"புகார் கொடுக்கறதுதானே?"

"கொடுத்தேன். நாலு வருஷம் ஆச்சு."

"நல்ல வேளை," என்றார் மேடம். யாரோ ஒருவர் உயிர் பிழைத்ததைக் கேள்விப்பட்டது போலச் சொன்னார். "வா, மேல போலாம்."

மேலே போய் அவனுடைய ஆய்வேட்டையே எடுத்துப் பிரித்தார். ஐந்தாம் அத்தியாயம், பாதுகாப்புப் பரிந்துரைகள். பாறையை உடைத்து ரோடு போட்டவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் மூன்றாம் வருடம் அவன் எழுதியது. அதில் ஒரு வரியைப் பற்றி அவனுக்கு ரொம்பப் பெருமை. அக்காவுக்குக்கூட வாசித்துக் காட்டியிருக்கிறான். மேடம் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"'ஓர் இனம் எந்தச் சூழலில் உயிர் பிழைத்திருக்கிறதோ, அந்தச் சூழலின் எந்தக் கூறையும், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், மாற்றலாகாது.' ரொம்ப அழகா எழுதியிருக்கப்பா."

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் ஐந்தாம் அத்தியாயத்தால் கெட்டது.

"வளர்ப்புன்னு சொல்றே. ஒத்துக்கறேன்," என்றார் மேடம். "வளர்ப்புன்னா வளர்க்கிறவர் வேணுமே. நாளைக்குக் குழுவுக்குக் கொடுக்கிற அறிக்கையில 'பராமரிப்பவர்'னு ஒரு இடம் இருக்கு. இப்ப இந்தச் சூழலோட கூறுகள எழுதுவோம். நீ சொல்லு, நான் எழுதறேன்."

வேறு வழியில்லாமல் சொன்னான். வடக்கு பார்த்த சுவர். ஏசிச் சொட்டு. தினசரி நாலு மணிக்கு ஒரு தட்டுத் தண்ணீர், மாடி ஜன்னல் உயரத்திலிருந்து. மேடம் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். நாலாவது எண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்தான். மேடமே எழுதினார்: 'உள்ளிருந்து திறக்க இயலாத தாழ்ப்பாள்.' ஐந்தாவது: 'அதன் காரணமாக உள்ளே இருக்கும் ஆய்வாளர்.'

"மேடம், திங்கட்கிழமை எனக்கு வேலை…"

"வித்துப்பை ஒண்ணுதானே வந்திருக்கு. அது முத்தி, வெடிச்சு, அடுத்தது வர்றவரைக்கும் பாக்கணும். ஒரே ஒரு பருவம்ப்பா. யாரும் பாத்ததே இல்ல. நீ பாக்கப் போற."

இதில் கொடுமை என்னவென்றால், கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவனுக்குள் ஏதோ ஒன்று ஆமாம் என்று தலையாட்டியது. அதை அவன் அங்கேயே, மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றபடி, மனசுக்குள் காறித் துப்பினான்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. நாலு பேரும் சந்துக்குள் ஒருக்களித்துப் போய், ஒருவர் பின் ஒருவராக லென்ஸில் கண் வைத்து, தெரிகிறது தெரிகிறது என்றார்கள். ஒருவர் மொட்டையனைப் பார்த்துவிட்டுத் தெரிகிறது என்றார். அறிக்கையை ஒரு மனதாக ஏற்றுக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பாசியைக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டிய சான்றிதழ், கையெழுத்து இல்லாமல் மேடத்தின் மேஜை மேல் ஒரு காகித எடைக்கல்லுக்கு அடியில் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"பெட்டி கட்டிட்டேன்டா. எத்தன மணிக்கு வர்ற?"

"பிரிச்சிடுக்கா."

"எதை?"

"பெட்டிய."

பின்னால் மாமா "என்னவாம்?" என்று கேட்பது கேட்டது. "சோபாவுக்குப் பழையபடி உறை போடுங்க" என்று அக்கா அவரிடம் சொல்வதும் கேட்டது. பிறகு போனுக்கு வந்தாள்.

"வாயில பசைய ஒட்டிக்கோன்னு சொன்னேன்ல?"

"ஒட்டித்தான் வச்சிருந்தேன். அது தலையக் குனிஞ்சிட்டு நின்னுச்சுக்கா."

"எது?"

"வித்துப்பை. மொட்டையனுக்கு நிமிந்து நிக்கும். இதுக்குக் குனிஞ்சிருக்கு."

"நீயும் அதுவும் ஒரே சாதி," என்று அக்கா வைத்துவிட்டாள்.

அவன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அட்டவணையை எடுத்தான். 'தெரியவில்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, 'குனிந்திருக்கும்' என்று எழுதினான். இருபத்திரண்டும் நிரம்பிவிட்டது. பல்லிடுக்கு நார் போய்விட்டது. நாக்கு சும்மா இருந்தது. அப்போதுதான் கதவுக்கு வெளியே இரும்பு இரும்போடு உரசும் சத்தம்.

கருவிப் பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம். திருப்புளி. யாரோ தாழ்ப்பாளைத் தட்டிப் பார்த்தார்கள். நாலு வருடத்துக்கு முன் போன புகார், குழு வருகிறது என்ற பரபரப்பில் எந்த அலமாரியிலிருந்தோ வெளியே விழுந்து, நடக்க வேண்டிய மேஜைகளெல்லாம் நடந்து, கடைசியில் ஒரு தச்சராக வந்து நின்றிருந்தது. பாசி எழுந்து கதவருகே போனான். மூச்சு விடவில்லை. ஒரு திருகாணி கழன்றது. இரண்டாவது கழன்றது.

"நிறுத்துப்பா, நிறுத்து!" மேடத்தின் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. "யாரு இதைத் தொடச் சொன்னது?"

"ஆபீஸ்ல சீட்டுக் கொடுத்தாங்கம்மா. தாழ்ப்பா ரிப்பேருன்னு."

"அது ரிப்பேர் இல்ல. அது பாதுகாக்கப்பட்டது. இந்தா, அறிக்கை. நாலாவது பாயின்ட்டப் படி."

தச்சர் எழுத்துக்கூட்டி வாசிப்பது கேட்டது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இரண்டு திருகாணிகளும் திரும்ப ஏறின. செருப்புச் சத்தம் போய்விட்டது. தச்சர் போகவில்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே."

"நீங்கதான் அஞ்சாவது பாயின்ட்டா?"

"ஆமா."

பிறகு தச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "வெளிப்பக்கமா தொறந்து விடட்டுமா? யாருக்கும் தெரியாது. பின்னால ஒரு வழி இருக்கு, அப்படியே போயிடலாம்."

பாசி கதவில் கை வைத்தான். ஏசி பட்டுக் கதவு ஜில்லென்றிருந்தது. கதவு திறந்தால் மாடிப்படி. படி இறங்கினால் வாசல். வாசலைத் தாண்டினால் ஊர். சான்றிதழ் இல்லாமல் போய் எங்கே நிற்பது என்பது வேறு கேள்வி. ஆனாலும் போகலாம். கால் இருக்கிறது, போகலாம். திரும்பி மேஜையைப் பார்த்தான். தட்டில் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் முடியனின் ஒரு துணுக்கு, அட்டவணையை எடுக்கும் முன் போட்டது, சோம்பல் முறித்து விரிந்திருந்தது.

"மணி என்னண்ணே?"

"நாலாகப் போவுது."

"ஒரு பத்து நிமிஷம் கழிச்சு வந்து தொறக்க முடியுமா?"

"எனக்கு அடுத்த பில்டிங்ல வேலை இருக்கு, தம்பி. இப்பன்னா இப்ப."

அவன் யோசித்த நேரத்தில் ஏசி ஒரு சொட்டு விட்டிருக்கும். இரண்டு விட்டிருக்கலாம்.

"சரிண்ணே, நீங்க போங்க," என்றான். "கதவு நல்லா சாத்தியிருக்கான்னு மட்டும் ஒரு தடவ அழுத்திப் பாத்துட்டுப் போங்க. ஈரக்காத்து வரும்."

தச்சர் அழுத்திப் பார்த்தார். நல்ல தாழ்ப்பாள். அசையவில்லை.

பாசி தட்டைக் கையில் ஏந்தி, சிந்தாமல் ஜன்னலுக்கு நடந்தான். நாலு வருடத்தில் முதல் தடவையாகக் கம்பிகளில் நெற்றியை வைத்து, தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று குனிந்து பார்த்துக் கொட்டினான்.